கறி: மிளகா, காயா, ஊனா? (வாசகர் கேள்வி–பதில்)

சமையலறைச் சொற்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பல ‘கறி’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்ததால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம். சொல்லாராய்ச்சியும் அடுப்படியும் கலந்துதான் வரும்.

கும்பகோணம் வாசகி: எங்கள் வீட்டில் ‘இன்னிக்கு என்ன கறி?’ என்றால் வாழைக்காயா, சேப்பங்கிழங்கா என்று பொருள். மதுரையில் வாழ்க்கைப்பட்ட என் தோழி வீட்டில் ‘கறி எடுத்தாச்சா?’ என்றால் அது ஆட்டிறைச்சி. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள்? இதில் எது முந்தியது?

இரண்டில் எதையும் முந்தியது என்று சொல்வதற்கில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு.

முசிறித் துறைமுகத்தைப் பாடும் அகநானூற்று 149-ஆம் பாட்டில் யவனர் மரக்கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று வருகிறது. பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். குறுந்தொகையில் வரும் ‘கறிவளர் அடுக்கம்’ மிளகுக்கொடி படர்ந்த மலைச்சரிவு. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்த சரக்குகளை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலையில் ‘கருங்கறி மூடை’, அதாவது கருமிளகு மூட்டை, இருக்கிறது. நிகண்டுகளும் மிளகின் பெயர்களில் ஒன்றாகக் கறியைச் சொல்கின்றன.

இவையெல்லாம் மலையும் சந்தையும். சமையலறைக்குள் இந்தச் சொல் நுழையும் இடம் பெரும்பாணாற்றுப்படை. அந்தணர் வீட்டு உணவைச் சொல்லும் பகுதியில் இந்த அடிகள் வருகின்றன:

‘சேதா நறுமோர் வெண்ணெயின் மாதுளத்து
உருப்புறு பசுங்காய்ப் போழொடு கறிகலந்து
கஞ்சக நறுமுறி அளைஇ’

பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் மாதுளம் பிஞ்சின் பிளவுகளை வேகவிட்டு, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலைத் தளிரை விரவியிருக்கிறார்கள். கஞ்சகம் என்பது கறிவேப்பிலை. அடுத்த அடிகளில் மாவடு ஊறுகாயும் வந்துவிடுகிறது. இதே பாட்டில், கழுதைகள் முதுகின் இருபுறமும் பலாப்பழம்போலத் தொங்கும் மிளகுப் பொதிகளைச் சுமந்து போகும் காட்சி ஒன்று உண்டு. அங்கே மிளகுக்குப் பெயர் ‘மிரியல்’. பொதியில் இருக்கும்போது மிரியல், அடுப்புக்கு வந்ததும் கறி. இதை விதியாகக் கொள்ள வேண்டாம், பட்டினப்பாலையில் மூட்டையும் கறியாகத்தான் இருக்கிறது. இரண்டு பாட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவைதாம்.

ஆக, அந்த மாதுளம்பிஞ்சுத் தொடுகறியில் கறி என்பது அதில் போட்ட சரக்கு மட்டும். பல நூற்றாண்டு கழித்துக் கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால், கறி என்பது சமைத்து முடித்த பண்டம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றோடு கறியமுதும் வருகிறது. அதற்கும் முந்திய, 9-ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டில் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரித்தே எழுதியிருக்கிறார்கள். இதில் புளிங்கறி இன்றும் பாலக்காட்டுப் பக்கம் அதே பெயரில் இலைக்கு வருகிறது.

சரக்கின் பெயர் பண்டத்துக்கு ஆகிவருவது தமிழில் சாதாரணமாக நடப்பதுதான். ‘பூரிக்கு மசாலா வை’ என்கிறோம். மசாலா என்பது அரைத்த சரக்கு. அது சேர்த்து வதக்கிய உருளைக்கிழங்கே இன்று மசாலாவாகிவிட்டது. ‘இனிப்பு, காரம், காபி’ என்னும்போது காரம் சுவையின் பெயரா, மிக்சரின் பெயரா? மிளகு போட்ட துணைப்பண்டம் கறியானதும் இப்படித்தான் என்பது எங்கள் கருத்து. கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல், சோற்றோடு கறித்துத் தின்பதால் கறி என்று வேறொரு விளக்கமும் உண்டு. அது தவறென்று தள்ளவில்லை. ஆனால் மேலே காட்டிய மூன்று அடிகள் மிளகின் பக்கம்தான் சாய்கின்றன.

பண்டமாக ஆனபிறகு கறியின் அடிப்படைப் பொருள் ‘சோற்றுக்குத் துணை’. காயாக இருந்தாலும் சரி, ஊனாக இருந்தாலும் சரி. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பதில் இருப்பது அந்தக் கறி. காய்கறி என்ற சொல்லும் அங்கிருந்து வந்தது. புலால் உண்ணாத வீடுகளில் இந்தப் பொருள் காயோடு நின்றுவிட்டது. வைணவ வீடுகளில் கல்வெட்டுச் சொல்லான கறியமுதே இன்றும் புழங்குகிறது. புலால் உண்ணும் வீடுகளில் ஆட்டுக்கறி, கோழிக்கறி, மாட்டுக்கறி என்று அடைமொழியோடு வந்தவற்றில், விசேஷ நாளுக்கு உரிய ஆட்டுக்கறி முன்னொட்டை உதறிவிட்டு வெறும் கறியாகிவிட்டது. காய்க்கு அங்கே பொரியல், கூட்டு, அவியல் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்ததால் இழப்பொன்றும் இல்லை. நாஞ்சில் நாட்டில் தொடுகறி என்ற சொல் பழைய பொதுப்பொருளை அப்படியே வைத்திருக்கிறது. தென்மாவட்டங்கள் சிலவற்றில் அந்த இடத்தை வெஞ்சனம் பிடித்துக்கொண்டது; அது ‘வியஞ்சனம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே பருப்புக் கறி, கத்தரிக்காய்க் கறி, மீன் கறி, முட்டைக் கறி என்று சோற்றின்மேல் விழும் எல்லாமே கறி. தூள் போட்டுச் சிவப்பாக வைத்தாலும் கறி, தேங்காய்ப் பாலில் வெள்ளையாக வைத்தால் பாற்கறி, நீர் வற்றப் பிரட்டினால் பிரட்டல் கறி. காய்களுக்கு மரக்கறி என்று பெயர். ‘நான் மரக்கறி’ என்று ஒருவர் சொன்னால் அவர் சைவ உணவுக்காரர்.

உங்களுக்கு நடைமுறை எச்சரிக்கை ஒன்று. மதுரைப் பக்கத்து உணவகத்தில் ‘கறி தோசை’ என்று எழுதியிருந்தால் அது உங்கள் வீட்டு வாழைக்காயோடு வராது. முட்டை பூசி, ஆட்டிறைச்சிக் கொத்து பரப்பி, திருப்பிப்போட்டு எடுத்த தடித்த தோசை அது.

திருச்சி வாசகர்: ஆங்கிலத்தில் ‘கர்ரி’ என்பது நம் கறிதானா? 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே அந்தச் சொல் இருந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

நம் கறிதான். நேராகப் போகவில்லை, போர்த்துக்கேயர் கைமாற்றிவிட்டார்கள்.

1498-இல் மலையாளக் கரைக்கு வந்து, 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கேயர் இந்தச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப ‘கரில்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா டா ஓர்டா 1563-இல் வெளியிட்ட நூலில், கோழியையும் இறைச்சியையும் கொண்டு ஆக்கும் ‘கரில்’ பற்றி எழுதுகிறார். அடுத்து டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன்: மீனைச் சாற்றோடு வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், கொஞ்சம் புளிப்பு, ஆனால் சுவை நன்று, பெயர் ‘கரியல்’ என்கிறார். புளி கரைத்து வைத்த மீன்குழம்பைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டதைத்தான் பார்த்திருக்கிறார் என்று படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

இவர்கள் எல்லோரையும்விடக் கறியின் பொருளைச் சரியாகப் பிடித்தவர் ராபர்ட் நாக்ஸ். கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர். 1681-இல் அச்சான தன் இலங்கை நூலில், பழங்களைப் பழுக்குமுன்பே பறித்து ‘கரீ’ ஆக்குகிறார்கள், போர்த்துக்கேயச் சொல்லில் சொன்னால் சோற்றோடு சேர்த்துச் சுவைத்துச் சாப்பிடுவதற்கு ஒன்று என்று விளக்குகிறார். பலாப்பிஞ்சுக் கறியும் மாங்காய்க் கறியும் தின்றவருக்குத்தான் இப்படி எழுத வரும். ‘சோற்றுக்குத் துணை’ என்ற நம் பொருளும் அதுதானே?

1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் ‘இந்திய முறையில் கர்ரி செய்வது’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. சொல் ஆங்கிலச் சமையலறைக்குள் அதற்குள் குடியேறிவிட்டது. அதற்குப் பின்தான் பொருள் கெட்டது. ஆங்கிலேயர் எந்த ஊர்க் குழம்பையும் கர்ரி என்று அழைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பொடியையும் புட்டியில் அடைத்து விற்றார்கள். அந்தக் ‘கர்ரி பவுடர்’ பெரும்பாலும் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், மிளகாய் சேர்ந்தது. கறிவேப்பிலை பல பொடிகளில் இருப்பதே இல்லை.

காணொளியில் சொன்னது 1390 வாக்கில் ரிச்சர்ட் அரசனின் சமையற்காரர்கள் தொகுத்த ஏட்டின் பெயரில் வரும் ‘க்யூரி’ என்ற சொல்லைப் பற்றியதாக இருக்கும். அது பிரெஞ்சிலிருந்து வந்தது. சமையல் என்று பொருள். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதற்கும் கறிக்கும் உறவில்லை.

ஜப்பானியரின் ‘கரே’ ஆங்கிலம் வழியாக 19-ஆம் நூற்றாண்டில் போனது. மலாய்மொழிக்குத் தமிழிலிருந்தே ‘கரி’ போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே மலாய்க்காரர்கள் கறி அடைத்துப் பொரித்த பலகாரத்தைக் ‘கரிபாப்’ என்கிறார்கள். அது ஆங்கிலக் ‘கர்ரி பஃப்’பிலிருந்து வந்தது. ஒரே சொல் இரண்டு கப்பலில் ஏறி ஒரே துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது.

சேலம் வாசகர்: கறி, கரி, எது சரி? கடைப்பலகைகளில் இரண்டும் இருக்கின்றன.

உண்பது கறி. அடுப்பில் எரிந்து மிஞ்சுவது கரி. ‘ஆட்டுக்கரி கிடைக்கும்’ என்று எழுதினால் கருகிப்போன ஆடு என்றுதான் படிக்கவேண்டும். குழம்பில் உப்பு கூடினால் ‘கரிக்கிறது’, அதுவும் ரகரம்தான்.

கோவை வாசகி: கறிவேப்பிலையா, கருவேப்பிலையா? கறுப்பாக இல்லாத இலைக்குக் ‘கரு’ ஏன்?

இரண்டு வடிவமும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. எதை எழுதினாலும் பிழையில்லை. கறிக்கு உதவும், வேம்பின் இலையை ஒத்த இலை என்றால் கறிவேப்பிலை. வேம்பைவிடக் கரும்பச்சையான இலை என்றால் கருவேப்பிலை. மலையாளத்தில் வல்லின றகரத்தோடு ‘கறிவேப்பில’ என்றே எழுதுகிறார்கள். கன்னடத்தில் ‘கரிபேவு’; அந்த மொழியில் ‘கரி’ என்றால் கறுப்பு, அதனால் அவர்கள் காதுக்கு அது கறுப்பு வேம்பு. இந்தப் பகுதியில் நாங்கள் கறிவேப்பிலை என்று எழுதுகிறோம். கஞ்சகமும் கறியும் சேர்ந்து வெந்த அந்தப் பழைய சட்டியின்மேல் உள்ள பிரியம்தான் காரணம்.

பெயரில் வேம்பு இருந்தாலும் உறவு வேம்போடு இல்லை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இவற்றின் குடும்பம் அது. வீட்டில் செடி வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும்: எலுமிச்சைத் தளிரைத் தின்னும் அதே பச்சைப் புழுதான் கறிவேப்பிலைத் தளிரையும் மொட்டையடிக்கும்.

ஸ்ரீரங்கம் வாசகி: மிளகாயே சேர்க்காமல், திதி நாளுக்கும் பத்தியத்துக்கும் ஆகும்படி வாழைக்காய்க் கறி செய்வது எப்படி? எனக்குக் காய் குழைந்துவிடுகிறது, மிளகும் கசக்கிறது.

உங்கள் கேள்வியே பாதி வரலாறு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் 1492-இல் அங்கே போனபிறகுதான் அது வெளியே வந்தது. போர்த்துக்கேயர் கப்பலில் நம் கரைக்கு இறங்கியது. அதுவரை நம் சமையலில் உறைப்புக்கு மிளகுதான் முதல். வந்தவனுக்கும் மிளகின் பெயரையே சூட்டி மிளகாய் ஆக்கினோம். நாஞ்சில் நாட்டில் மிளகை ‘நல்லமிளகு’ என்று பிரித்துச் சொல்லவேண்டிய அளவுக்கு வந்தவன் வீட்டைப் பிடித்துக்கொண்டான். இலங்கைத் தமிழில் கொச்சிக்காய் என்ற பெயரும் உண்டு. கொச்சியிலிருந்து வந்த காய். திதிச் சமையலும் பல பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளும் மிளகாயை இன்றுவரை உள்ளே விடவில்லை.

இனி அடுப்புக்கு வருவோம். நடுத்தர வாழைக்காய் 2, ஏறக்குறைய 400 கிராம். முற்றிய காயாக, விரலால் அழுத்தினால் கொடுக்காததாக எடுங்கள். பழுக்கத் தொடங்கிய காய் என்ன செய்தாலும் குழையும், இனிப்பும் காட்டும். தோலை மேலாகச் சீவுங்கள். பச்சை நார் சற்று ஒட்டியிருந்தால்தான் துண்டின் ஓரம் உடையாது. முக்கால் அங்குலத் துண்டாக நறுக்கி, ஒரு கரண்டி மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். காற்றுப்பட்டுக் கறுக்காது.

ஒரு பாத்திரத்தில் காய் மூழ்கும் அளவு தண்ணீர் கொதித்ததும், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, சுண்டைக்காய் அளவு புளியின் கரைசல் மூன்றையும் சேர்த்துப் பிறகு காயைப் போடுங்கள். குழைவதற்கு மருந்து இந்தப் புளிதான். புளிப்பு இருக்கும் நீரில் காயின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பசை எளிதில் கரையாது. துண்டு உள்ளே வெந்தும் வெளியே விறைப்பாக நிற்கும். பருப்பு வேகாமல் போவதும் இதே புளியால்தான், ஆகவே இந்த உதவியைக் கூட்டுக்குக் கேட்காதீர்கள். மூடாமல் 6 அல்லது 7 நிமிடம். கத்தி முனை சற்றுத் தடையோடு இறங்கும்போதே வடித்துத் தட்டில் பரப்பிவிடுங்கள். வடிதட்டிலேயே குவித்து வைத்தால் சொந்தச் சூட்டில் மேலும் வெந்து மாவாகிவிடும். பலருக்குக் குழைவது அடுப்பில் அல்ல, இந்தக் குவியலில்தான்.

பொடிக்கு: மிளகு ஒன்றரை தேக்கரண்டி, சீரகம் அரை தேக்கரண்டி, துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி. பருப்பை முதலில் வெறும் வாணலியில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, மிளகைச் சிறு தீயில் போட்டு முதல் மிளகு வெடித்ததும் இறக்குங்கள். சீரகத்துக்கு வாணலியின் சூடே போதும். மிளகு கசப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; பெரும்பாலும் பருப்போடு சேர்த்து வறுத்திருப்பீர்கள். பருப்பு சிவக்கும் நேரத்துக்குள் மிளகின் தோல் கருகிவிடும், கசப்பு அங்கிருந்துதான். ஆறியதும் ரவை பதத்துக்குப் பொடியுங்கள். மாவாக அரைத்தால் காயில் அப்பிக்கொண்டு தொண்டையைப் பிடிக்கும்.

வாணலியில் 2 மேசைக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை தாளித்துக் காயைப் போட்டு, நடுத்தீயில் 5 நிமிடம் கிளறாமல் வாணலியைக் குலுக்கி விடுங்கள். ஓரம் பொன்னிறமானதும் பொடியைத் தூவி இரண்டே நிமிடம். மிளகின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. முதலிலேயே போட்டால் மணம் சமையலறைக்குப் போய்விடும், வெறும் உறைப்பு மட்டும் இலைக்கு வரும். விருப்பமானால் இறக்கும்போது 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். சமைத்த அன்றே சாப்பிடுவதானால் சரி, வெயில் காலத்தில் மாலைவரை வைக்கும் எண்ணம் இருந்தால் தேங்காயை விட்டுவிடுங்கள்.

மிளகாய்க் கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு மாற்று: நாலு வற்றல் மிளகாய் போடும் இடத்தில் ஒன்றரை தேக்கரண்டி மிளகு. அதற்குமேல் போனால் உறைப்பைவிடக் காட்டமான நெடிதான் கூடும்.

டொராண்டோ வாசகர்: அம்மா ஊரிலிருந்து அனுப்பும் யாழ்ப்பாணக் கறித்தூள் தீர்ந்துவிட்டது. இங்கு கடையில் வாங்குவது மஞ்சளாக, வேறு மணத்தோடு இருக்கிறது. வீட்டில் செய்ய அளவு வேண்டும்.

கடையில் நீங்கள் வாங்கியது மேலே சொன்ன ‘கர்ரி பவுடர்’ ஆக இருக்கும். அது வறுக்காத சரக்கில் மஞ்சள் தூக்கலாகச் சேர்த்த பொடி. யாழ்ப்பாணத் தூளின் நிறமும் மணமும் வறுப்பில் இருக்கின்றன. அளவு வீட்டுக்கு வீடு மாறும். கீழே உள்ளது நடுத்தர உறைப்புக்கு.

செத்தல் மிளகாய் 250 கிராம், மல்லி 250 கிராம், பெருஞ்சீரகம் 50, மிளகு 50, நற்சீரகம் 25, வெந்தயம் 15, விரல் மஞ்சள் ஒரு துண்டு, கறிவேப்பிலை 4 நெட்டு. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: செத்தல் என்பது வற்றல் மிளகாய், பெருஞ்சீரகம் சோம்பு, நெட்டு என்பது இணுக்கு.)

எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் மல்லி பச்சையாக இருக்கும்போதே வெந்தயம் கருகிவிடும். மல்லிக்கு நடுத்தீயில் 5, 6 நிமிடம். நிறம் ஒரு படி ஏறி, கையில் நசுக்கினால் நொறுங்கவேண்டும். பெருஞ்சீரகம், மிளகு, நற்சீரகம் மூன்றும் இரண்டு மூன்று நிமிடத்தில் மணந்துவிடும். வெந்தயம்தான் வில்லன்: இளஞ்சிவப்பில் இறக்கினால் மணம், கருஞ்சிவப்புக்குப் போனால் மொத்தத் தூளும் கசப்பு. மஞ்சளை முன்கூட்டியே தட்டி உடைத்து வறுங்கள், இல்லாவிட்டால் மிக்சியின் கத்தி போகும். கறிவேப்பிலை மொரமொரவென்று ஆகவேண்டும். அதில் ஈரம் மிஞ்சினால் தூள் கட்டி கட்டியாகும்.

மிளகாய் கடைசியில். காம்பைக் கிள்ளி, குளிர்நாட்டில் வெயிலுக்கு வழியில்லாததால் ‘அவன்’ அடுப்பில் மிகக் குறைந்த சூட்டில் அரைமணி நேரம் உலர்த்திக்கொண்டு, சிறு தீயில் சிறுகச் சிறுக வறுங்கள். நிறம் ஆழ்ந்த சிவப்பாகும்போது எடுத்துவிட வேண்டும். கறுத்த மிளகாய் ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறியுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்து, புகை உறிஞ்சியை முழுவேகத்தில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. புகை எச்சரிப்பு மணி அடித்தால் பக்கத்து வீட்டாருக்கும் தும்மல்தான்.

தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அரையுங்கள். அரித்து, மிஞ்சும் கப்பியை மறுபடி அரைத்து, எல்லாவற்றையும் கையால் ஒன்றாகக் கலந்துவிடவேண்டும், இல்லையென்றால் போத்தலின் அடியும் மேலும் இரண்டு தூளாக இருக்கும். பலர் சறுக்கும் இடம் இதற்குப் பின்தான். அரைபட்ட தூள் மிக்சிச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே அடைத்தால் போத்தலுக்குள் வியர்த்து, சில வாரத்தில் பூஞ்சை வரும். மறுபடி ஒருமணி நேரம் பரப்பி ஆறவைத்துப் பிறகே அடையுங்கள். அலமாரியில் மூன்று மாதம்வரை மணம் குறையாது, அதற்குமேல் வைப்பதானால் உறைபெட்டி.

அரைக் கிலோ ஆட்டிறைச்சிக்கு 2 மேசைக்கரண்டித் தூள், மரக்கறிக்கு ஒன்று. தூளை எண்ணெயில் போட்டு வறுக்காதீர்கள். ஏற்கெனவே வறுபட்டது, கருகிவிடும். தேங்காயின் இரண்டாம் பாலில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, முதற்பாலை இறக்கும் தறுவாயில் சேருங்கள். முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும்.

தேனி வாசகி: கறிவேப்பிலை வாங்கிய மூன்றாம் நாளே கறுத்துவிடுகிறது. எப்படி வைப்பது?

கழுவி வைப்பதால் கறுக்கிறது. இலையில் தங்கும் ஈரம்தான் கரும்புள்ளிக்குக் காரணம். வாங்கியவுடன் பழுத்ததையும் புள்ளி விழுந்ததையும் கிள்ளிப் போட்டுவிட்டு, ஈரம் தெரிந்தால் துணியில் ஒருமணி நேரம் உலர்த்துங்கள். இணுக்கிலிருந்து உருவாமல், காம்போடு டப்பாவில் வையுங்கள். அடியிலும் மேலும் ஒரு தாள். உருவிய இடத்தில் ஏற்படும் காயத்திலிருந்துதான் இலை வாடத் தொடங்கும். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் பச்சையாக இருக்கும். தாள் நனைந்திருந்தால் மாற்றவேண்டும். கழுவுவதைப் பயன்படுத்தும்போது வைத்துக்கொள்ளுங்கள், துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் போடவேண்டும். தாளிக்கும்போது முகத்தில் தெறிப்பது எண்ணெய்க்குள் இறங்கிய அந்தத் துளித் தண்ணீர்தான்.

பொடிக்குக் காயவைப்பதானால் நிழலில். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து, மணமும் பாதி போய்விடும். செடி வாங்கும் எண்ணமிருந்தால் காம்பு செந்நிறமாக உள்ள செங்காம்பு வகையைக் கேட்டு வாங்குங்கள், மணம் அதில் கூடுதல். முதல் ஆண்டில் இலை பறிப்பதைவிட நுனியைக் கிள்ளிவிடுவது முக்கியம். பக்கக் கிளை வெடித்துச் செடி புதராகும். பச்சைப் புழுவுக்கு மருந்து தேடவேண்டாம். காலையில் தளிர்களைத் திருப்பிப் பார்த்து, கையாலேயே எடுத்துப் போட்டுவிடலாம். பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பதும் அதே புழுவின் குட்டிப் பருவம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.